மேச்சேரிக் குட்டிகளுக்கு வெள்வேலங்காய் தீவன ஆய்வு: குட்டி 24, செரிமானக் கூண்டு நாலு. எப்படித் திட்டமிடுவது?

கிளுவைவேலி கேட்டது:

வணக்கம். கால்நடை ஊட்டச்சத்தியலில் முதுநிலை முதலாண்டு படிக்கிறேன். எங்கள் வளாகம் நகரத்தை விட்டு நன்றாகத் தள்ளி, மேற்கு மாவட்டத்தில் இருக்கிறது. சுற்றிலும் கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலம். கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும்தான் கண்ணுக்கு எட்டியவரை. அதனால் வெள்வேலங்காயையே தீசிஸுக்கு எடுக்கலாம் என்று கைடு சொல்லிவிட்டார்.

திட்டம் இதுதான். பால் மறந்த மேச்சேரி இனச் செம்மறிக் கடாக்குட்டி 24. அடர்தீவனத்தில் காய் மாவு 0, 15, 30 சதவீதம். ஒவ்வொரு பிரிவுக்கும் 8 குட்டி. 90 நாள் வளர்ச்சி பார்த்து, கடைசியில் செரிமானம். அடிப்படைத் தீவனம் நறுக்கிய சோளத்தட்டை.

கையில் இருப்பது: ஆறு அறை உள்ள ஒரு கொட்டகை, செரிமானக் கூண்டு (புழுக்கையையும் மூத்திரத்தையும் தனித்தனியாகச் சேர்க்கும் கூண்டு) நாலு. லேபில் கெல்டால் (நைட்ரஜன் அளந்து புரதம் கணக்கிடும் கருவி), ஓவன், மஃபிள் ஃபர்னஸ், நார்ப்பொருள் பார்க்கும் வசதி, ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் உண்டு. ஃப்ரீஸ் ட்ரையரும் கேஸ் குரோமட்டோகிராஃபும் இல்லை. கரண்ட் அடிக்கடி போகும்.

சந்தேகங்கள்: நாலு கூண்டை வைத்து 24 குட்டிக்கு எப்படிச் செரிமானம் பார்ப்பது? பிரிவுக்கு 8 குட்டி போதுமா? காயை எப்போது சேகரித்து எப்படி வைப்பது, அதில் நச்சு ஏதும் உண்டா? சிரிஞ்ச் முறையில் (ஆட்டின் வயிற்று நீரில் தீவனத்தைப் புளிக்க வைத்து) வாயு உற்பத்தியும் பார்க்கச் சொல்கிறார்கள், இந்த வசதியில் அது தேறுமா? சினாப்சிஸ் (ஆய்வுத் திட்டச் சுருக்கம்) கொடுக்க இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.

பட்டிமேடு எழுதியது:

முதலில் காய். மற்றதெல்லாம் அப்புறம். காய் பழுத்து உதிர்வது கோடையில். அந்தப் பருவத்தை விட்டால் அடுத்த கோடைவரை கை கட்டி உட்கார வேண்டியதுதான், உங்கள் படிப்போ இரண்டு வருடம். சினாப்சிஸ் ஒப்புதல் வரட்டும் என்று காத்திருக்காமல் காயை மட்டும் முன்கூட்டியே சேர்த்து வையுங்கள்.

எவ்வளவு வேண்டும்? குட்டிக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 250 கிராம் அடர்தீவனம், பழக்கும் காலம் 21 நாளும் சேர்த்து 111 நாள், 24 குட்டி. 666 கிலோ வருகிறது. சிந்தல், சேதாரம், மாதிரி எடுப்பது என்று பத்து சதவீதம் கூட்டினால் 730 கிலோவுக்குச் சற்று மேல். பிரிவுக்கு 244 கிலோ. அதில் 15 சதவீதம் 37 கிலோ, 30 சதவீதம் 73 கிலோ. ஆக மாவாகவே 110 கிலோ தேவை. காய்ந்து குறைவது போக, மண் போக, வண்டு போக என்று பார்த்தால் காயாக 150 கிலோவுக்குக் குறையாமல் சேருங்கள். பாதியில் தீர்ந்து வேறு ஊர்க் காயை வாங்கிக் கலந்தால் அந்த ஆய்வில் 'வெள்வேலங்காய் 30 சதவீதம்' என்ற சொல்லுக்கே பொருள் இல்லாமல் போகும். கடலைப் புண்ணாக்கும் அப்படித்தான். மொத்தத்தையும் ஒரே லாட்டில் வாங்கி, வாங்கிய அன்றே அஃப்ளாடாக்சின் என்னும் பூஞ்சை நச்சுக்கு மாதிரி அனுப்பிவிடுங்கள். குட்டி தீனியைக் குறைத்தால் எல்லாரும் காயில் உள்ள துவர்ப்புப் பொருளான டானின் மேல் பழி போடுவார்கள். பல சமயம் குற்றவாளி பூஞ்சை பிடித்த புண்ணாக்குதான்.

சேகரிக்கும்போது தரையைக் கூட்டி அள்ளாதீர்கள். மரத்தடியில் தார்ப்பாய் விரித்து, கிளையை உலுக்கி விழும் பழுத்த காயை மட்டும் எடுங்கள். கூட்டி அள்ளிய காயில் மண் வரும். அந்த மண் எங்கே கழுத்தைப் பிடிக்கும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். காயை ஒடித்தால் டக்கென்று ஒடிய வேண்டும், வளைந்தால் இன்னும் வெயில் வேண்டும். சாக்கை மரப்பலகை மேல் அடுக்கி, சுவரை ஒட்டாமல் வையுங்கள். வண்டு விழுந்தால் மறுபடி வெயிலில் கொட்டுவதுதான் வழி. பூச்சிமருந்து பட்ட சாக்கை எந்தக் காரணத்துக்கும் தொடாதீர்கள்.

நச்சு பற்றி: வெள்வேலின் தழையிலும் இளங்காயிலும் சயனைடு உண்டு, அதனால்தான் பழுத்து உலர்ந்த காய் என்று அழுத்திச் சொல்கிறேன். லாட்டுக்கு லாட்டு பிக்ரேட் தாள் சோதனை செய்யுங்கள். 100 மி.லி. தண்ணீரில் சோடியம் கார்பனேட் 5 கிராம், பிக்ரிக் அமிலம் அரை கிராம். அதில் வடிதாளை நனைத்துப் பட்டையாக வெட்டிக்கொள்ளுங்கள். நசுக்கிய காயைச் சோதனைக் குழாயில் இட்டு, சிறிது தண்ணீரும் நாலைந்து சொட்டு குளோரோஃபார்மும் விட்டு, தாள் பொருளில் படாமல் தொங்கும்படி தக்கையால் அடைத்து இளஞ்சூட்டில் வையுங்கள். மஞ்சள் தாள் செங்கல் நிறத்துக்குத் திரும்பினால் அந்த லாட் வேண்டாம். பக்கத்திலேயே வெறும் தண்ணீர் ஊற்றிய குழாய் ஒன்றும், சயனைடு உண்டு என்று தெரிந்த இளஞ்சோளத் தழை போட்ட குழாய் ஒன்றும் இருக்கட்டும், நிறத்தில் சந்தேகம் வராது. பிக்ரிக் அமிலப் புட்டி காய்ந்து போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், உலர்ந்தால் வெடிக்கும் பொருள் அது. கொட்டகை மருந்துப் பெட்டியில் சோடியம் தயோசல்பேட் இருக்கட்டும்.

அரைக்கும்போது விதையும் உடைய வேண்டும். 3 மி.மீ. சல்லடை போட்டு ஹேமர் மில்லில் அரையுங்கள். விதை முழுதாகப் போனால் குடலைக் கடந்து புழுக்கையிலேயே வந்துவிடும், அதற்குள் இருக்கும் புரதமும் அப்படியே வந்துவிடும். பழக்கும் வாரத்தில் ஒரு கைப்பிடிப் புழுக்கையை ஊற வைத்துச் சல்லடையில் அலசிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கலவைக்கு ஒரு மாதிரி தருகிறேன். காயின் புரதம் 12 சதவீதம் என்று வைத்துப் போட்டது, உங்கள் காயை அளந்துவிட்டு மாற்றிக்கொள்ளுங்கள். பூஜ்யப் பிரிவு: மக்காச்சோளம் 40, கடலைப் புண்ணாக்கு 22, கோதுமைத் தவிடு 35, தாது உப்புக் கலவை 2, உப்பு 1. முப்பது பிரிவு: காய் மாவு 30, மக்காச்சோளம் 30, புண்ணாக்கு 24, தவிடு 13, தாது உப்பும் உப்பும் அதே அளவு. இரண்டும் ஏறக்குறைய 18 சதவீதப் புரதம். பதினைந்துக்குத் தனியாக எதையும் நிறுக்க வேண்டாம், இந்த இரண்டையும் சரிபாதி கலந்தால் அதுதான் 15. கலப்பதில் வரும் பிசகு பாதியாகக் குறையும், மூன்று பிரிவும் ஒரே நேர்கோட்டில் நிற்கும். எரிசக்தியும் சமமா என்று கமிட்டி கேட்கும். ஐசிஏஆர் (இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம்) 2013-ல் வெளியிட்ட செம்மறி, வெள்ளாடு, முயலுக்கான ஊட்டத்தேவை அட்டவணையோடு ஒப்பிட்டு ஒரு பக்கம் தயாராக வைத்திருங்கள்.

குட்டிகளைக் கையில் வாங்கிய அன்றே ஆய்வைத் தொடங்க வேண்டாம். துள்ளுமாரி நோய்க்கும் ஆட்டுக்கொல்லி (பிபிஆர்) நோய்க்கும் தடுப்பூசி போட்டாயிற்றா என்று பண்ணைப் பதிவேட்டில் பாருங்கள். துள்ளுமாரி முக்கியம். மேய்ந்து வளர்ந்த குட்டிக்கு அடர்தீவனத்தைத் திடீரென்று ஏற்றினால் விடியற்காலையில் துள்ளி விழுந்து சாகும், அதுவும் இருப்பதிலேயே கொழுத்த குட்டி. 50 கிராமில் ஆரம்பித்து மூன்று நாளுக்கு ஒருமுறை 50 ஏற்றுங்கள். எல்லாக் குட்டிக்கும் ஒரே நாளில் குடற்புழு நீக்கம் செய்து, பத்து நாள் கழித்து மெக்மாஸ்டர் முறையில் புழுக்கையில் உள்ள புழுமுட்டையை எண்ணுங்கள். எண்ணிக்கை இறங்கவில்லை என்றால் மருந்துக்குப் புழு மசியவில்லை, வேறு வகை மருந்துக்கு மாறுங்கள். இதை விட்டுவிட்டால் டானின் புழுவைக் குறைத்ததா, தீவனம் எடையைக் கூட்டியதா என்று பிறகு பிரிக்கவே முடியாது.

விலங்கு நெறிமுறைக் குழுவுக்குப் படிவம் பி இப்போதே போகட்டும். ஆய்வு முடிந்தபின் முன்தேதியிட்டு ஒப்புதல் கிடைக்காது, கிடைத்தாலும் எந்த ஆய்விதழும் ஏற்காது.

சராசரிமேல் எழுதியது:

காய்க் கணக்கு சரி. எனக்குப் பயம் அந்த ஆறு அறை மேல்தான்.

அறைக்கு நாலு குட்டி விட்டு, ஒரு தொட்டியில் தீவனம் கொட்டினால் பிரிவுக்கு இரண்டு அறை ஆகிறது. அப்போது உங்கள் ஆய்வின் அலகு குட்டி அல்ல, அறை. மாதிரி எண்ணிக்கை 8 அல்ல, 2. நாலும் ஒரே தொட்டியில் தின்பதால் ஒன்று அதிகம் தின்றால் இன்னொன்றுக்குக் குறையும், அவை ஒன்றைச் சாராமல் மற்றொன்று இல்லை. இரண்டை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. சென்ற தலைமுறைத் தீசிஸ்கள் பலவற்றில் இந்தப் பிழை உண்டு, அதனால் அதைப் பார்த்து எழுதாதீர்கள். இப்போது தேர்வாளர்கள் முதலில் கேட்பதே இதைத்தான்.

தனித்தனியாகத் தீனி வைப்பது ஒன்றே வழி. அப்படி வைத்தால் 8 போதுமா என்ற கேள்விக்குத் தோராயக் கணக்கு இருக்கிறது. 80 சதவீதத் திறனுக்கு (வித்தியாசம் இருந்தால் அது பிடிபட 80 சதவீத வாய்ப்பு), ஒரு பிரிவுக்கு வேண்டிய எண்ணிக்கை = 16 × (திட்டவிலக்கம் ÷ காண விரும்பும் வித்தியாசம்)². தினசரி எடையேற்றத்தின் திட்டவிலக்கம் 15 கிராம், காண விரும்பும் வித்தியாசம் 20 கிராம் என்றால் 16 × 0.5625 = 9. எட்டு குட்டியில் 21 கிராமுக்கும் மேலான வித்தியாசம்தான் பிடிபடும். மேச்சேரிக் குட்டி நாளுக்கு 60 முதல் 80 கிராம் ஏறும் என்று எடுத்துக்கொண்டால் இது மூன்றில் ஒரு பங்கு, சின்ன விஷயம் அல்ல. உங்கள் திட்டவிலக்கம் எவ்வளவு என்பதை ஊகிக்க வேண்டாம். உங்கள் பண்ணைப் பதிவேட்டில் மாத எடைகள் இருக்கும். 1978 முதல் இந்த இனத்துக்கென்றே இயங்கும் பொட்டனேரி ஆராய்ச்சி நிலையத் தரவை வைத்து வந்த தீசிஸ்களும் கட்டுரைகளும் உண்டு, கிருஷிகோஷ் என்னும் வேளாண் தீசிஸ் இணையக் களஞ்சியத்தில் தேடுங்கள்.

எண்ணிக்கையைக் கூட்ட முடியாவிட்டால் சிதறலைக் குறையுங்கள். 24 குட்டியையும் எடைவாரியாக வரிசைப்படுத்தி, மும்மூன்றாகப் பிரித்து எட்டுத் தொகுதி ஆக்குங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் சீட்டுப் போட்டு ஒன்றை 0-க்கு, ஒன்றை 15-க்கு, ஒன்றை 30-க்கு. இரட்டைக் குட்டி இருந்தால் இரண்டும் ஒரே பிரிவில் விழாமல் பாருங்கள். பகுப்பாய்வில் மூன்று பிரிவையும் ஒன்றோடொன்று மோதவிடாமல், காய் அளவு ஏற ஏற என்ன ஆகிறது என்று நேர்கோட்டுப் போக்கும் வளைவுப் போக்கும் பாருங்கள். 0, 15, 30 சம இடைவெளியில் இருப்பதால் அது எளிது, அதே 24 குட்டியில் அதிகத் திறனும் கிடைக்கும்.

எடையேற்றத்தைக் 'கடைசி எடை கழித்தல் முதல் எடை' என்று போடாதீர்கள். இரண்டே இரண்டு எடையை நம்பி 90 நாளை எடைபோடுவது அது. வாரம் ஒருமுறை எடுத்து, நாளுக்கு எதிராக எடையை வரைந்து சாய்வை எடுங்கள். எல்லா எடையும் காலையில், தீனிக்கும் தண்ணீருக்கும் முன். கடைசி நாளன்று மட்டும் ஒரு குட்டி அரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் நாளுக்கு 5.6 கிராம் பொய்யாக ஏறிவிடும். ஆரம்பத்திலும் முடிவிலும் அடுத்தடுத்து மூன்று காலை எடுத்துச் சராசரி போடுங்கள்.

செரிமானத்துக்கு: 24-ம் வேண்டாம். எட்டில் நாலு தொகுதியைச் சீட்டுப் போட்டு எடுத்தால் 12 குட்டி. ஒரு தொகுதி, அதாவது மூன்று பிரிவிலிருந்தும் ஒவ்வொன்று, ஒரே நேரத்தில் மூன்று கூண்டில். நாலாவது கூண்டு உபரி, கதவு உடைந்தால் உதவும். கூண்டுக்குப் பழக 3 நாள், சேகரிப்பு 7 நாள், நாலு சுற்றுக்கு 40 நாள். சுற்றும் தொகுதியும் ஒன்றாகவே இருப்பதால் வயது வித்தியாசம் பிரிவு வித்தியாசத்தோடு குழம்பாது. இதைக் கவனிக்காமல் முதல் சுற்றில் பூஜ்யப் பிரிவு, இரண்டாம் சுற்றில் பதினைந்து என்று ஏற்றினால் ஆய்வு அங்கேயே முடிந்தது.

கெல்டால் குடுவை எழுதியது:

40 நாள் கூண்டு என்பது கேட்க அழகு. அந்த 40 நாளும் காலை மாலை யார் புழுக்கை அள்ளுவது? பருவத்தேர்வு நடுவில் வராதா? புழுக்கை விழ குட்டியின் பின்னால் கேன்வாஸ் பை தைத்துக் கட்டுங்கள். நல்ல வேளையாகக் குட்டியெல்லாம் கடா, மூத்திரம் பையில் விழாது. 12 குட்டிக்கும் பத்தே நாளில் வேலை முடியும். வெறும் பையோடு 4 நாள் பழக்கி, பிறகு 6 நாள் சேகரியுங்கள். 14 கிலோக் குட்டி 500 கிராம் உலர்பொருள் தின்று 60 சதவீதம் செரித்தால், ஈரத்தோடு அரைக் கிலோவை ஒட்டிப் புழுக்கை வரும். பையில் அந்த எடை தொங்கும் என்பதால் நாளுக்கு இருமுறை காலி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பட்டை நழுவிச் சிந்தும். வாலடியில் உராய்ந்து புண்ணாகிறதா என்று தினமும் பாருங்கள். நைட்ரஜன் சமநிலை வேண்டும் என்று கமிட்டி பிடிவாதம் பிடித்தால் மட்டும் மூத்திரத்துக்காகக் கூண்டுக்குப் போங்கள்.

லேப் விஷயம். ஒரு நாள் புழுக்கை முழுவதையும் கலந்து இரண்டு பங்கு எடுக்க வேண்டும். பத்தில் ஒரு பங்கு ஓவனுக்கு, உலர்பொருள் பார்க்க. இன்னொரு பங்கு நைட்ரஜனுக்கு, இது ஈரமாகவே அமிலத்தில். ஓவனில் காய வைத்த புழுக்கையில் கெல்டால் போட்டால் அமோனியா பறந்த பிறகு மிஞ்சியதைத்தான் அளப்பீர்கள், புரதச் செரிமானம் இருப்பதைவிட அழகாகத் தெரியும். அகலவாய்ப் புட்டியில் ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர் சேர்த்த கந்தக அமிலம், தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். ஆட்டுப் புழுக்கை முழுசாகப் போட்டால் மேல்தோல் மட்டும் நனைந்து உள்ளே புளித்துக்கொண்டே இருக்கும். உரலில் நசுக்கிவிட்டுப் போடுங்கள். புட்டியைத் திறந்தால் அமோனியா வாடை வந்தால் அமிலம் போதவில்லை என்று அர்த்தம்.

நார்ப்பொருளுக்கான மாதிரியை 60 டிகிரிக்கு மேல் உலர்த்தக் கூடாது. சூடு ஏறினால் சர்க்கரையும் புரதமும் ஒட்டிக்கொண்டு நார்க்கணக்கில் சேரும். டானினுக்கு இன்னும் கண்டிப்பு: நிழலில் உலர்த்துங்கள், அல்லது ஓவனை 50-க்கு மேல் ஏற்றாதீர்கள். ஃப்ரீஸ் ட்ரையர் இல்லாததால் ஒன்றும் கெட்டுவிடாது, முறையை எழுதிவிட்டால் போதும்.

டானின்: 200 மி.கி. மாவு, 70 சதவீத அசிட்டோன் 10 மி.லி., ஐஸில் வைத்து எடுத்து மையவிலக்கில் சுற்றுங்கள். ஃபோலின் முறையில் மொத்த ஃபீனால் பாருங்கள். பிறகு டானினைப் பிடித்துக்கொள்ளும் பிவிபிபி தூள் 100 மி.கி.யில் 1 மி.லி. தண்ணீரும் 1 மி.லி. சாறும் சேர்த்து 4 டிகிரியில் 15 நிமிடம் வைத்து மறுபடி சுற்றி, மேலே நிற்கும் நீரில் மீண்டும் ஃபீனால் பாருங்கள். சாறு இங்கே பாதியாக நீர்த்திருக்கிறது என்பதைக் கணக்கில் மறக்காதீர்கள், வழக்கமாகச் சறுக்கும் இடம் அது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் டானின். ஒடுங்கிய டானினுக்கு பியூட்டனால்–எச்சிஎல், கொதிநீரில் ஒரு மணி நேரம், 550 நானோமீட்டர். மொத்தத் தீவன உலர்பொருளில் ஒடுங்கிய டானின் 2 முதல் 4 சதவீதம் இருந்தால் பொதுவாக நல்லது செய்யும், 5-ஐத் தாண்டினால் தீனி குறையும் என்பார்கள். கவனியுங்கள், மொத்தத் தீவனத்தில். காயில் உள்ள அளவை அப்படியே எழுதிப் பயமுறுத்தாதீர்கள். அடர்தீவனத்தில் 30 சதவீதம், அந்த அடர்தீவனமே மொத்தத்தில் பாதிதான் என்றால், காயில் உள்ளது ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காகத்தான் வயிற்றுக்குப் போகிறது.

இன்னொன்று. 30 சதவீதப் பிரிவில் லிக்னின் (செரிக்காத மரப்பொருள்) செரிமானம் மைனஸில் வரலாம். உடனே கணக்கு தப்பு என்று எண்களைத் திருத்த உட்காராதீர்கள். டானினும் புரதமும் சேர்ந்த கட்டி புழுக்கையில் லிக்னினாக வேடம் போடும், தின்றதைவிட அதிகம் வெளியே வந்த மாதிரி இருக்கும். ஏடிஎஃப் (அமிலக் கரைசலில் கரையாத நார்) எச்சத்திலேயே கெல்டால் போட்டு நைட்ரஜன் காட்டினால் விளக்கம் கையில் இருக்கும்.

கிளுவைவேலி எழுதியது:

மூவருக்கும் நன்றிங்க. தனித்தீனிக்குக் கொட்டகையை எப்படி மாற்றுவது? பணம் அதிகம் கேட்க முடியாது. பை, கூண்டு இரண்டும் வேண்டாம், அமிலத்தில் கரையாத சாம்பலை வைத்துச் செரிமானம் பார்த்துவிடலாம் என்று சீனியர் ஒருவர் சொல்கிறார். அது சரியா? சிரிஞ்ச் முறைக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

பட்டிமேடு எழுதியது:

சாம்பல் முறையில்தான் நான் சொன்ன மண் வந்து உட்காரும். அந்தச் சாம்பல் செரிக்காமல் அப்படியே வெளியே வருவதால் சூத்திரம் எளிது: செரிமானம் = 100 − 100 × (தீவனத்தில் சாம்பல் ÷ புழுக்கையில் சாம்பல்). தீவனத்தில் 2.0, புழுக்கையில் 5.0 என்றால் 60 சதவீதம். மண் கலந்த காயில் மணல் சாக்கின் அடியில் இறங்கிவிடும். நீங்கள் அடிச்சாக்கிலிருந்து மாதிரி எடுத்து 2.4 என்று அளந்தால் அதே குட்டியின் செரிமானம் 52 ஆகிவிடும். அதுவும் காய் சேர்த்த பிரிவில் மட்டும் இந்தப் பிழை விழுவதால், காய்தான் செரிமானத்தைக் குறைத்தது என்று முடிவு எழுதுவீர்கள். மண்தரைக் கொட்டகையில் குட்டி தரையை நக்கினால் பிழை எதிர்ப்பக்கம் போகும். பையைக் கட்டி முழுச் சேகரிப்புச் செய்யுங்கள். அதே மாதிரியில் சாம்பலும் பார்த்து ஒப்பிட்டுக் காட்டினால் தீசிஸில் ஒரு நல்ல அட்டவணை கிடைக்கும், செலவு 2 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் மஃபிள் ஃபர்னஸும்தான்.

கொட்டகைக்கு: சவுக்குக் கம்பும் வெல்டு மெஷும் போதும். ஒவ்வொரு அறையையும் நாலாகத் தடுத்தால் 24 இடம். குட்டிக்கு ஒரு சதுர மீட்டர் கிடைக்க வேண்டும். தடுப்பு கம்பிவலையாக இருக்கட்டும், பலகை வேண்டாம். பக்கத்துக் குட்டி கண்ணில் படாவிட்டால் செம்மறி கத்திக்கொண்டே நிற்கும், தீனி எடுக்காது. ஆனால் பக்கத்துத் தொட்டிக்குள் தலை நுழையாதபடி தொட்டி இருக்கும் இடத்தில் மட்டும் தகரம் அடியுங்கள். ஒரே தொகுதியின் மூன்று குட்டியும் அடுத்தடுத்த இடத்தில் நின்றால் காற்று, வெயில், சாரல் எல்லாம் மூன்றுக்கும் ஒன்றாக இருக்கும்.

இனி மிச்சம். இந்த ஆய்வு ஜெயிப்பதும் தோற்பதும் தொட்டியில் மிஞ்சுவதை நிறுப்பதில்தான். கெல்டாலில் இரண்டாம் தசமம்வரை பார்த்துவிட்டு, தொட்டி மிச்சத்தைக் கண்மதிப்பாக எழுதினால் என்ன பயன்? அடர்தீவனத்தைக் காலையில் தனியாக வைத்து, ஒரு மணி நேரம் கழித்து மிச்சத்தை எடுத்து நிறுத்துவிட்டுத்தான் தட்டை போட வேண்டும். இரண்டும் கலந்தால் எது மிச்சம் என்று தெரியாது. தட்டையை, முந்தின நாள் தின்றதைவிடப் பத்து சதவீதம் அதிகமாகப் போடுங்கள். தொட்டி காலியாக இருந்தால் அது எவ்வளவு தின்னும் என்பது தெரியாமலே போய்விடும். மிச்சத்தில் தண்டுதான் இருக்கும், இலையைப் பொறுக்கித் தின்றிருக்கும். ஆகவே மிச்சத்துக்கும் தனியாக உலர்பொருளும் புரதமும் பார்க்க வேண்டும், போட்ட தட்டையின் புரதத்தையே மிச்சத்துக்கும் போட்டுக் கழிக்கக் கூடாது. எச்சில் பட்ட மிச்சம் ஈரமாக இருக்கும், ஈர எடையை அப்படியே கழித்தால் தின்றது குறைவாகத் தெரியும். நிறுப்பவர் தினமும் ஒரே ஆளாக இருக்கட்டும். பண்ணை ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை வராவிட்டால் அன்றைய தட்டைச் சனிக்கிழமையே 24 பையில் நிறுத்துக் கட்டிவிடலாம், ஆனால் மிச்சத்தை ஞாயிறன்றும் நீங்கள்தான் நிறுக்க வேண்டும்.

கெல்டால் குடுவை எழுதியது:

சிரிஞ்ச் முறை தேறும். சொல்லப்போனால் அதைக் குட்டி ஆய்வுக்கு முன்னால் செய்யுங்கள், 30 சதவீதம் என்ற மேல் அளவு நியாயமா என்று சொல்லும்.

200 மி.கி. மாதிரி, வயிற்று நீரும் தாங்கல் கரைசலும் ஒன்றுக்கு இரண்டாகக் கலந்தது 30 மி.லி., 100 மி.லி. கண்ணாடி சிரிஞ்ச், 39 டிகிரி, 24 மணி நேரம். மாதிரிக்கு மூன்று சிரிஞ்ச், மாதிரி போடாத வெறும் கலவை மூன்று, தரம் தெரிந்த வைக்கோல் மூன்று. அதே காய்க்கு பிஇஜி 6000 சேர்த்த சிரிஞ்சும் மூன்று வையுங்கள், 200 மி.கி.க்கு 400 மி.கி. பிஇஜி டானினைப் பிடித்துக்கொள்ளும். சேர்த்ததிலும் சேர்க்காததிலும் வரும் வாயு வித்தியாசம்தான் டானின் செய்யும் வேலை. ஃபோலின் எண்ணைவிட இது தெளிவாகப் பேசும்.

ஒரே நாளில் போட்ட மூன்று சிரிஞ்சும் மூன்று மாதிரி அல்ல. வெவ்வேறு நாளில், வெவ்வேறு ஆட்டின் நீரில் மூன்று முறை ஓட்டினால்தான் மூன்று. சராசரிமேல் அறைக்குச் சொன்ன அதே விதிதான் இது.

வயிற்று நீருக்கு ஆட்டுத்தொட்டிக்கு (ஆடு அறுக்கும் இடத்துக்கு) விடியலுக்கு முன் போக வேண்டும். ஃபிளாஸ்கில் 40 டிகிரி வெந்நீரை ஊற்றி எடுத்துப் போய், நீரை நிரப்பும் கணத்தில்தான் அதைக் கொட்டவும். காற்று நிற்காதபடி வாய்வரை நிரப்புங்கள். குறைந்தது மூன்று ஆட்டிலிருந்து எடுத்துக் கலந்தால் பட்டினி கிடந்த ஒரு ஆடு மொத்தத்தையும் கெடுக்காது. லேபில் நாலு மடிப்பு மஸ்லின் துணியில் வடித்து, கரியமிலவாயு பாய்ந்துகொண்டே இருக்கும்போது கலக்கவும். எடுத்ததிலிருந்து சிரிஞ்சில் ஏற்றுவதுவரை ஒரு மணி நேரத்துக்குள் முடியாது என்றால் அந்த ஊர்த் தொட்டி உங்களுக்குத் தூரம். தாங்கல் கரைசலில் உள்ள ரெசாசுரின் என்னும் நிறங்காட்டி நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகி, பிறகு நிறமற்றுப் போக வேண்டும். இளஞ்சிவப்பிலேயே நின்றால் ஆக்சிஜன் இன்னும் இருக்கிறது, அப்போது நீரைச் சேர்க்காதீர்கள்.

கரண்ட் விஷயத்தில் காற்று இன்குபேட்டரை நம்பாதீர்கள், கதவைத் திறந்தாலே சூடு இறங்கிவிடும். தெர்மோகோல் சுற்றிய பெரிய தண்ணீர்த் தொட்டியில் சிரிஞ்சை நிற்க வையுங்கள், ஐம்பது லிட்டர் தண்ணீர் அரை மணி நேர மின்வெட்டில் ஒரு டிகிரிகூட இறங்காது. சிரிஞ்சின் தண்டுக்கு வாசலின் மெல்லிசாகப் பூசுங்கள், தண்டு ஒட்டிக்கொண்டால் வாயு வந்தும் அளவு ஏறாது. 8-வது மணியில் ஒருமுறை பாருங்கள், 60 மி.லி. தாண்டியிருந்தால் அளவைக் குறித்துவிட்டு வாயுவை வெளியேற்றி மறுபடி 30-க்குக் கொண்டுவந்து விடுங்கள், இல்லாவிட்டால் இரவில் தண்டு வெளியே வந்து கிடக்கும்.